பத்து வினாடி மாப்பிள்ளை

கோவில்பட்டியில் ஒரு மாடியறையில் மூன்று பேர் வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி நடத்தினார்கள். கோமதிநாயகம், தளவாய், ஆவுடையப்பன். மூவருமே முதலாளிகள்தான். மூன்று பேர் புத்தியையும் உரலில் போட்டு இடித்தாலும் ஒரு நெற்றிப் பொட்டுக்குக் காணாது. ஆனால் சொன்ன சொல்லை மீற மாட்டார்கள், அதில் மட்டும் சொக்கத் தங்கம்.

கோமதிநாயகத்துக்கு முப்பத்து மூன்று வயதில் ஒருவழியாகத் திருநெல்வேலியில் ஒரு பெண் அமைந்தது. பெயர் செண்பகா. பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பெண்ணின் அப்பா பலவேசம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்றே விளங்கவில்லை, செய்ததையெல்லாம் ஒரே இடத்தில் காட்டட்டும், வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுவிட்டார்.

அப்படிக் காட்டுவதற்குப் போர்ட்ஃபோலியோ என்று பெயராம். தளவாயின் அத்தான் சென்னையில் பெரிய டிசைனர். அவருக்குப் போன் போட்டார்கள். மனுஷன் சாப்பிட்டுக்கொண்டே மூன்று விஷயம் சொன்னார். இருக்கிறதிலேயே மோசமான வேலையைத் தூக்கிவிட வேண்டும். வாடிக்கையாளர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே போட வேண்டும். எவனும் பத்து வினாடிக்கு மேல் பார்க்க மாட்டான், அதை மனதில் வைத்துச் செய்ய வேண்டும். கோமதிநாயகம் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவர்கள் செய்திருந்தது மொத்தமே மூன்று வெப்சைட். பந்தல்காரருடையது மோசம் என்று அதைத் தூக்கினார்கள். மிச்சம் இரண்டில் பாத்திரக்கடை மோசம், அதுவும் போயிற்று. கடைசியில் கடலைமிட்டாய்க் கடை நின்றது.

"இப்ப இருக்கிறதுலயே மோசமானது இதுதானல?" என்றான் ஆவுடையப்பன்.

"இருக்கிறதுலயே நல்லதும் இதுதான்" என்றான் தளவாய்.

கோமதிநாயகம் நோட்டைப் பார்த்தான். "நல்லதை வைன்னு அத்தான் சொல்லலையே. மோசமானதைத் தூக்குன்னுதான் சொல்லியிருக்காரு."

அதையும் தூக்கினார்கள்.

அடுத்து வாடிக்கையாளர் வார்த்தை. மிட்டாய்க் கடை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார்கள். அவர் வெகுநாளாய் இவர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார். "கடையில இருக்கிறதையெல்லாம் படம் புடிங்கன்னு சொன்னா, ஈயையும் புடிச்சுப் போட்டிருக்கானுவ. இவனுவகிட்ட வேலை கொடுத்த என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார். ஓர் எழுத்து குறையாமல் போட்டார்கள்.

பத்து வினாடிக்கு மேல் எவனும் பார்த்துவிடக் கூடாதே என்று ஆவுடையப்பனுக்குக் கவலை. பதினோராவது வினாடியில் பக்கம் தானாகவே மறைந்துவிடும்படி செய்துவைத்தான்.

வெள்ளிக்கிழமை பலவேசத்திடமிருந்து போன் வந்தது.

"தம்பி, தொறந்தேன். யாரோ உங்களைத் திட்டியிருந்தாரு. கண்ணாடியை எடுத்து மாட்டுறதுக்குள்ள அதுவும் போயிட்டு."

"பத்து வினாடி ஆயிருக்கும் மாமா."

"நீங்க செஞ்ச வேலை எங்க?"

"மோசமானதையெல்லாம் எடுத்துட்டோம் மாமா."

பலவேசம், "முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்துல இருந்திருக்கேன், இப்படி ஒரு மண்டூகத்தைப் பார்த்ததில்லை. என் பொண்ணைக் கிணத்துல தள்ளினாலும் தள்ளுவேன், உமக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

"எழுதிக்கிடுதேன் மாமா. கிணத்துல தள்ளினாலும்... அப்புறம்?"

போனை வைத்துவிட்டார்.

கோமதிநாயகம் ஒரு மூச்சு அழுதான். பாவம், நிஜமாகவே ஆசைப்பட்டிருந்தான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மாமா சொன்னதை அண்ணாச்சிக்குக் கீழே போட்டான். இப்போது இரண்டு ஆகிவிட்டதால் மோசமானதைத் தூக்க வேண்டும். வெகுநேரம் வாதாடினார்கள். கிணறு வருவதால் மாமனார் திட்டுதான் உயர்ந்தது என்று முடிவாகி, அண்ணாச்சி போனார்.

"இப்ப மாமாதான் இருக்கிறதுலயே மோசம்" என்றான் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டான். "அவரையும் தூக்கிட்டா அந்த வீட்டுக்கும் எனக்கும் என்னல இருக்கு?"

தளவாய்தான் வழி சொன்னான். மாமாவிடமே இன்னொரு திட்டு வாங்கிவந்தால் இரண்டில் மட்டமானது போய்விடும், நல்லது நிற்கும். அது தனியாக நிற்கும்போது மறுபடி ஒன்று வாங்க வேண்டியதுதான்.

அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் கோமதிநாயகம் திருநெல்வேலிக்குப் போன் போடுகிறான். முதல் இரண்டு வாரம் பலவேசம் கத்தினார். இப்போதெல்லாம் நிறுத்தி நிதானமாகத் திட்டுகிறார். கமா எங்கே போட வேண்டும் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.