கத்திரிக்காய் கொத்சுக்குப் பதினெட்டுக் கும்பிடு

குரு என்றதும் தாடியைத் தேடாதீர்கள். இந்தக் குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் தபசும். அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சீடர் பரசுராமன் அதே பள்ளியில் கணக்கு வாத்தியார், ஓய்வு பெற நாலு வருஷம் இருக்கிறவர். மவுஸைப் பிடிக்கவே அவளிடம்தான் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார். வேண்டாம் சார் என்று சொல்லிப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள்.

கற்றதைப் பூட்டி வைக்கிற ஆள் இல்லை அவர். தினமும் காலையில் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்மார்ட் போர்டைப் பயன்படுத்துவது பற்றி ஒரு டிப்ஸ் போடுவார், கூடவே ஒரு வீடியோ. உடனே கைகூப்பும் பொம்மைகளாகப் பதினெட்டுக் கும்பிடு வரும். மனுஷனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை தலைமையாசிரியை ஒரு குண்டைப் போட்டார். நூலக அறையில் இருக்கும் ஸ்மார்ட் போர்டைப் பரசுராமன் ஒருவர்தான் தொடுகிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் வேறு யாராவது அதில் பாடம் நடத்தாவிட்டால், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவாம்.

பரசுராமன் குருவிடம் ஓடினார்.

"நாப்பது நாளா அனுப்புறேன். எல்லாரும் கும்பிடு போடுறாங்க. ஒருத்தர்கூட போர்டுகிட்ட வரல. ஏன் குருவே?"

தபசும் அவருக்கு ஒரு வேலை கொடுத்தாள். அவர் வீட்டில் கத்திரிக்காய் கொத்சு எப்படி வைப்பார்கள் என்று மறுநாள் குழுவில் எழுதிப் போடச் சொன்னாள். தலைப்பு மட்டும் எப்போதும்போல் "இன்றைய டிப்ஸ்" என்றே இருக்கட்டும் என்றாள்.

போட்டார். பதினெட்டுக் கும்பிடு. தலைமையாசிரியை கும்பிடோடு நிற்காமல், "மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளது சார்" என்றும் எழுதியிருந்தார்.

பரசுராமன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"அப்ப நாப்பது நாளும் கொத்சுதானா?"

ஆமாம் என்று தபசும் தலையாட்டினாள்.

"இனி நான் என்ன பண்ண?"

"ஸ்டாஃப் ரூம்ல சும்மா உக்காருங்க. யாராவது கேக்குற வரைக்கும் வாயத் திறக்காதீங்க."

"கேக்கலன்னா?"

"டீ குடிங்க."

புதன்கிழமை நாலு டீ ஆனது. ஒருவரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னால், அறிவியல் ஜெபமணி டீச்சர் வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். விரலெல்லாம் சிவப்பும் நீலமுமாகச் சாக்பீஸ். பத்தாம் வகுப்பில் ஏ பிரிவுக்கு இதயப் படம் வரைந்தாராம், அடுத்து வந்தவர் அழித்துவிட்டார். பி பிரிவிலும் அதே கதை. இன்னும் சி பிரிவு பாக்கி. இந்த இதயத்துக்கு நாலு அறை எதுக்கு, ஒண்ணு போதாதா என்று புலம்பினார்.

பரசுராமனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீயை வாயில் ஊற்றிக்கொண்டார். எதிரே தபசும் நோட்டுத் திருத்துகிற மாதிரி குனிந்தே இருந்தாள்.

கடைசியில் ஜெபமணி டீச்சரே திரும்பினார். "ஏன் சார், தினம் என்னென்னவோ போடுறீங்களே. ஒரு தடவ வரைஞ்சத அழியாம வச்சுக்க வழி இருக்கா?"

பத்தே நிமிஷம். பரசுராமன் நூலக அறையில் போர்டைத் திறந்து, வரைவது எப்படி, வரைந்ததைச் சேமித்து மறுபடி எடுப்பது எப்படி என்று காட்டினார். வேறெதுவும் காட்டவில்லை. மதியம் சி பிரிவுப் பிள்ளைகள் வரிசையாக நூலகத்துக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஜெபமணி டீச்சர், நதிகளை வரைந்து வரைந்து கை சலித்துப்போன சமூக அறிவியல் வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு போனார். பரசுராமன் தன் வகுப்போடு போனபோது உள்ளே இடமே இல்லை. அதைப் பார்த்த தலைமையாசிரியை, போர்டு இங்கேயே இருக்கட்டும் என்று மேலே சொல்லிவிட்டார்.

பரசுராமன் சந்தோஷமாகத்தான் குருவிடம் வந்தார். ஆனாலும் மனசில் ஒரு சின்ன முள்.

"போர்டு தப்பிச்சுது குருவே. ஆனா இதே விஷயத்த நான் பதினேழாம் நாளே வீடியோவோட அனுப்பியிருக்கேன். ஜெபமணி டீச்சர் அதுக்கும் கும்பிடு போட்டிருக்காங்க."

தபசும் சொன்னாள்: "அன்னிக்கு அவங்களுக்குத் தோள் வலிக்கல, சார்."