ஆயிரம் கிலோமீட்டருக்கு அத்தாட்சி

பாளையங்கோட்டை சைக்கிள் கிளப்பின் தலைவர் தாணப்பன் அண்ணாச்சிக்கு மூன்று லட்ச ரூபாய் சைக்கிள். அதுவும் கார்க் கூரையில் ஜம்மென்று படுத்துத்தான் வரும். ஜெராக்ஸ் கடை இசக்கியம்மாவோ ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய பழைய ரேஸ் சைக்கிளில், பாபநாசம் சவாரிக்குக் கிளப்போடு போக வந்து நின்றாள்.

"ஏளா, இதைப் பழைய இரும்புக்காரன் தேடுதானாம்!" என்றார் அண்ணாச்சி. கூட்டம் கெக்கெக்கே என்று சிரித்தது. "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினவங்கதான் எங்ககூட வரலாம். போன்ல பதிவைக் காட்டு, இல்ல வண்டியைத் திருப்பு. என் போனைப் பாரு, ஐயாயிரம்! இன்னும் டயர்கூட மாத்தலை, தெரியுமா?"

இசக்கியம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவளுக்கு முகம் ஜிவுஜிவென்று சிவந்துவிட்டது.

"ரோட்டுல ஓடுறது போனா, டயரா அண்ணாச்சி? எல்லாரும் தடவிப் பாருங்க. என் டயரு தேஞ்சு வழவழன்னு கெடக்கு. புது டயர்ல ரப்பர் முடி முள்ளுமுள்ளா நிக்கும், நாலு நாள் ஓட்டினா உதிர்ந்துரும். உங்க டயர்ல ஒண்ணுகூட உதிரலை. ஐயாயிரம் ஓடினது உங்க காரு! பாவம், இந்தப் புள்ளைக்கு இன்னும் முதல் மொட்டையே போடலியே!"

குனிந்து தடவிப் பார்த்தவர்கள் நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

"சட்டம் உங்க சட்டம்தான்," என்று பெடலில் கால் வைத்தாள் இசக்கியம்மா. "வண்டியைத் திருப்புங்க அண்ணாச்சி!"