முதல் அடைக்கு ஆசைப்பட்ட ராஜா

மேகம் இறங்கி வந்து வாசப்படியில படுத்துக்கிற ஒரு மலையூர்ல, ஒரு ராஜா இருந்தாராம். ராஜான்னதும் யானை, சேனைன்னு நினைச்சுக்காதீங்க. இந்தக் கோடியில ஒரு சேவல் கூவினா அந்தக் கோடிவரைக்கும் கேக்கும், அவ்வளவுதான் ராஜ்ஜியம். யானை கிடையாது. ஒரு மட்டக்குதிரை இருந்துச்சு, அதுக்கும் ஒரு காது கேக்காது. ஆனா பேர் மட்டும் பெரிய பேர், முந்திவர்ம மகாராஜா. எதுலயும் அவர்தான் முந்தி நிக்கணும். முதல் மரியாதை அவருக்குத்தான் வரணும்.

கோயில்ல முதல் விபூதி அவருக்கு. கிணத்துல முதல் வாளித் தண்ணி அவருக்கு. கல்யாண வீட்டுல முதல் வெத்தலை அவருக்கு. ஒரு தடவை துக்க வீட்டுக்குப் போன இடத்துலயும், முதல் மாலை எனக்குத்தான்னு கழுத்தை நீட்டிட்டார்! செத்தவரோட சம்சாரம் அழுகையை நிறுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, "எடுத்துக்குங்க ராஜா, இவர் கோவிச்சுக்க மாட்டார்"னு போட்டுவிட்டாளாம். மனுஷன் வெக்கப்படணுமா இல்லையா? மீசையை முறுக்கிக்கிட்டு, அந்த மாலையோடவே வீதி சுத்தி வந்தார்.

அவருக்கு ஒரு மந்திரி. ஊர்ல எல்லாரும் தலையாட்டின்னுதான் சொல்வாங்க. ராஜா, "மழை கீழேயிருந்து மேல பெய்யுதுய்யா"ன்னா, "ஆமா ராஜா, என் காலெல்லாம் நனைஞ்சுபோச்சு"ம்பான். அப்படி ஒரு மந்திரி.

அந்த வருஷம் மழை பிடிச்சதுன்னா பிடிச்சது, விடவே இல்லை. வெளிய போக முடியாம அரண்மனைக்குள்ளயே உக்காந்திருந்த ராஜாவுக்குப் புதுசா ஒரு யோசனை. பறையடிச்சு ஊருக்குச் சொல்லிட்டார். "இனிமே யார் வீட்டு அடுப்புல எது வெந்தாலும், முதல்ல எடுக்கிறது ராஜாவுக்கு வரணும். ராஜா தின்னு பாத்து 'ம்'னு சொன்ன பிறகுதான் வீட்டுல வாய் அசையணும். மீறினா அடுப்புல தண்ணி!"

அடுப்புல தண்ணின்னா சாதாரணமா நினைக்காதீங்க. அந்தக் குளிர்ல, அந்த மழையில, விறகெல்லாம் ஊறிப்போய்க் கிடக்கும்போது அணைஞ்ச அடுப்பை மறுபடி மூட்ட முடியாது. வீடே விறைச்சுப்போயிடும்.

ஜனங்க என்ன பண்ணும்? கஞ்சி காய்ச்சினா முதல் கரண்டியை அனுப்பிச்சாங்க. குழம்பு வச்சா முதல் அகப்பையை அனுப்பிச்சாங்க. கஞ்சியில முதல் கரண்டியும் ஒண்ணுதான், கடைசிக் கரண்டியும் ஒண்ணுதான். ராஜா குடிச்சார், 'ம்'னார், ஊர் சாப்பிட்டுச்சு.

வம்பு வந்தது குருவம்மா வீட்டுல.

குருவம்மாவோட புருஷன் மாதன், உருளைக்கிழங்குக் காடு வச்சிருந்தான். அந்தக் காலத்துல உருளைக்கிழங்கு ஏதுன்னு கேக்குறவங்க எழுந்து போகலாம். கதையில இருந்துச்சு. மூணு பொண்ணுங்க. கடைசிப் பொண்ணு செவ்வந்தி காய்ச்சல்ல கிடந்து, காய்ச்சல் விட்டும் வாயில ஒண்ணும் வாங்கல. கஞ்சி குடுத்தா தலையைத் திருப்பிக்கும். பால் குடுத்தா துப்பிடும். கன்னமெல்லாம் ஒட்டி, கண்ணு மட்டும் பெரிசா தெரியுது. அன்னைக்கு அதுவா வாயைத் திறந்து, "அம்மா, கிழங்கடை"ன்னுச்சு.

குருவம்மாவுக்கு உசிர் வந்துச்சு. கிழங்கை வேகவச்சு, சூட்டோட தோலுரிச்சு, கட்டியில்லாம மசிச்சு, இஞ்சியும் பச்சைமிளகாயும் பொடிப்பொடியா நறுக்கிப் போட்டு, வெங்காயம், மல்லித்தழை, பிடிச்சுக்க ஒரு கை அரிசிமாவு, உப்பு எல்லாம் போட்டுப் பிசைஞ்சு, வாழை இலையில வட்டமா தட்டி, கல்லுல போட்டா. வாசனை வீடு பூரா போச்சு. செவ்வந்தி எழுந்து உக்காந்துடுச்சு!

ஆனா முதல் அடை கல்லுல ஒட்டிக்குமே. யார் சுட்டாலும் ஒட்டும். ஓரம் பிஞ்சு, நடுவுல வெந்து வேகாம, சுரண்டி எடுத்தா சொதசொதன்னு வந்துச்சு. முதல் அடை கல்லுக்குன்னு எல்லா வீட்டுலயும் எடுத்து ஓரமா வச்சுடுவாங்க. இப்ப ஓரமா வைக்க முடியுமா? சட்டம் இருக்கே. இலையில மடிச்சு மாதன் எடுத்துக்கிட்டு, மழையில ஓடினான்.

ராஜா பிரிச்சுப் பாத்தார். "என்னடா இது? நாய் மென்னு துப்பினதா?"

"முதல் அடை அப்படித்தான் ராஜா வரும்."

"நல்லதை ஒளிச்சு வச்சுக்கிட்டு எனக்கு இதை அனுப்புறாளா உன் பொண்டாட்டி? 'ம்' கிடையாது. போ!"

'ம்' இல்லைன்னா வீட்டுல யாரும் வாய் வைக்க முடியாது. பின்னால சுட்டதெல்லாம் பொன்னா முறுகிக் கிடக்குது, மூணு பிள்ளைங்களும் பாத்துக்கிட்டே இருக்குதுங்க. செவ்வந்தி பாத்துப் பாத்து, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துடுச்சு.

மறுநாள் தலையாட்டி மந்திரியே வந்து அடுப்புப் பக்கத்துல மணை போட்டு உக்காந்தான். "நான் பாக்குறேன், என்ன திருட்டுத்தனம் பண்றேன்னு."

"கண்ணை நல்லா திறந்து வச்சுப் பாருங்கய்யா"ன்னா குருவம்மா.

முதல் அடை ஒட்டிச்சு. மந்திரி அதை இலையில எடுத்து வச்சான். ரெண்டாவது அடை வழுக்கிக்கிட்டு வந்துச்சு. "சோதனை பண்ணணும்"னு வாயில போட்டுக்கிட்டான். மூணாவது மொறுமொறுன்னு வந்துச்சு. "இதையும் சோதனை பண்ணணும்"னான்.

"அய்யா, சோதனையில பாஸா பெயிலா?"

"ராஜகாரியத்துல பேச்சு வேண்டாம்"னு நாலாவதையும் சோதிச்சுட்டு, அந்தச் சொதசொத அடையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினான். பிள்ளைங்க அன்னைக்கும் வெறுங்கையை நக்கிச்சுங்க. பாருங்களேன், காய்ச்சல்கார பிள்ளை முன்னாடி உக்காந்து தின்னிருக்கான்!

ராஜா ஒரு வாய் வச்சார், துப்பினார். "எல்லா அடையும் இப்படித்தான் இருக்குதா?"

"ஆமா ராஜா, எல்லாம் இப்படித்தான்."

"உன் மீசையில என்னய்யா அது?"

"மழைத்துளி ராஜா."

"மழைத்துளி பொன்னிறமாவா இருக்கும்?"

"ஆமா ராஜா."

ராஜா கைய நீட்டி, மந்திரி மீசையிலேர்ந்து அந்தத் துணுக்கை எடுத்து... சீ, கேக்காதீங்க, ஆமா, வாயில போட்டுக்கிட்டார். போட்டதும் கண்ணு விரிஞ்சுபோச்சு. "அடப்பாவி! எனக்கு முன்னாடி என் ராஜ்ஜியத்துல நல்லதை எவனெவனோ தின்னுக்கிட்டு இருக்கான்! பல்லக்கைக் கட்டு!"

மூணாம் நாள், குடை பிடிக்க ஒருத்தன், கொம்பு ஊத ஒருத்தன், தலையாட்ட ஒருத்தன்னு ராஜா பரிவாரத்தோட குருவம்மா குடிசைக்குள்ள நுழைஞ்சார். கிரீடம் நிலையில இடிச்சுது. அப்பவும் குனியல.

"முதல் அடை எனக்கு. அதுவும் நல்லதா வரணும்."

"ராஜா, நான் கும்பிட்டுக் கேக்குறேன். இந்தப் பிள்ளை சாப்பிட்டு நாளாச்சு. முதல் அடை கல்லுக்குப் போகட்டும். ரெண்டாவதை நீங்க எடுத்துக்குங்க. பொன்னாட்டம் வரும்."

"ரெண்டாவதா? நான் ரெண்டாவதா? யார் அந்தக் கல்லு? எந்த வம்சம்? அது என்னைவிடப் பெரிசா?"

"ஆமா ராஜா"ன்னான் மந்திரி. வாய்ப் பழக்கம், என்ன பண்றது.

ராஜாவுக்கு முகம் செவந்துபோச்சு. அடுப்புல கணகணன்னு காஞ்சுக்கிட்டிருந்த கல்லை முறைச்சுப் பாத்தார். "அப்படியா சேதி. இந்த வீட்டுல முதல் மரியாதை வாங்குற ஆசனம் இதுதானா? இறக்குங்கடா கீழே. அதுமேல நான் உக்காருறேன். அப்புறம் முதல் அடை யாருக்கு வருதுன்னு பாப்போம்!"

சேவகனுங்க துணியைச் சுத்திக் கல்லை இறக்கித் தரையில வச்சானுங்க.

"வேண்டாம் ராஜா, சுடும்"னா குருவம்மா.

"கல்லு தாங்கும்போது நான் தாங்க மாட்டேனா?"

"வேண்டாம் ராஜா, பட்டு வேட்டி."

"பட்டைப் பாத்துப் பயந்து கல்லே எழுந்திருக்கும்."

"வேண்டாம் ராஜா, சொன்னா கேளுங்க, சூடு."

"எனக்குச் சூடு சொரணை இல்லைன்னா சொல்ற?"

"ஆமா ராஜா"ன்னான் மந்திரி.

உக்காந்துட்டார்.

சொய்ய்ய்ங்!

ராஜா எழுந்திருக்கப் பாத்தார், முடியல. கல்லும் கூடவே வருது! முதல்ல விழுந்தது ஒட்டத்தானே செய்யும்? அடையா இருந்தா என்ன, அரசனா இருந்தா என்ன. குருவம்மா தோசைத் திருப்பியை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் வந்து, "பறக்காதீங்க ராஜா, பச்சையா இருக்கும்போது பிச்சா பிஞ்சுதான் வரும். கொஞ்சம் பொறுத்தா தானே கழண்டுக்கும்"னா.

ராஜா பல்லைக் கடிச்சுக்கிட்டு, "ம்ம்ம்ம்ம்!"னார்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! கல்லுல முதல்ல விழுந்தது ராஜா. மரியாதை ஆச்சு. ராஜா வாயாலேயே 'ம்'னும் சொல்லிட்டார். இனிமே என் பிள்ளைங்க சாப்பிடலாமா, மந்திரி அய்யா?"

மந்திரி என்ன சொல்வான்? "ஆமா"ன்னான்.

களுக்குன்னு ஒரு சத்தம். யாருன்னு பாத்தா, செவ்வந்தி! ஒட்டின கன்னத்தோட விழுந்து விழுந்து சிரிக்குது. திருப்பியைக் குடுத்து ஒரு நெம்பு நெம்பினா குருவம்மா. ராஜா தனியா வந்தார், வேட்டியோட பின்பக்கம் கல்லுலயே தங்கிடுச்சு. ரெண்டு கையாலயும் பின்னால பொத்திக்கிட்டு, பல்லக்கையும் மறந்து, மழையில கிழங்குக் காட்டுச் சேத்துல போய் சொதக்குன்னு உக்காந்தார். கொம்பு ஊதுறவன் பழக்கதோஷத்துல ஊதிக்கிட்டே பின்னாடி ஓடினான்.

அதே கல்லுலயா அடை சுட்டான்னு மூக்கைச் சுளிக்காதீங்க. சாம்பல் போட்டுத் தேச்சு, வெந்நீர் ஊத்திக் கழுவி, மறுபடி தேச்சு, மறுபடி கழுவி, அப்பவும் மனசு ஒப்பாம பக்கத்து வீட்டுக் கல்லை இரவல் வாங்கித்தான் சுட்டா. செவ்வந்தி ஒண்ணு தின்னுச்சு. ரெண்டு தின்னுச்சு. மூணாவதைக் கையில வச்சுக்கிட்டே அம்மா மடியில தூங்கிப்போச்சு. மாதன் அதைப் பாத்துட்டு, புகை கண்ணுல பட்டுடுச்சுன்னு வெளிய போய் நின்னுக்கிட்டான்.

அப்புறம் மழை விட்டு, கோயில் திருவிழா வந்துச்சு. அன்னதானப் பந்தியில தலைவாழை இலை போட்டு, "ராஜா, முதல் இலை உங்களுக்குத்தான், வாங்க, உக்காருங்க"ன்னு ஊரே கையைப் பிடிச்சு இழுக்குது. எங்க உக்காருறது? "நீங்க சாப்பிடுங்க, நான் நிக்கிறேன்"னார். முதல் பந்தி ஆச்சு. "இப்பவாவது உக்காருங்க ராஜா." "பரவாயில்ல, நிக்கிறேன்." ரெண்டாம் பந்தி ஆச்சு, மூணாம் பந்தி ஆச்சு, பரிமாறினவங்க சாப்பிட்டாங்க, இலை எடுத்தவங்க சாப்பிட்டாங்க, பாத்திரம் தேய்க்க வந்தவங்களும் சாப்பிட்டுட்டுப் போனாங்க. கடைசியா அண்டாவோட அடியில ஒட்டியிருந்ததைச் சுரண்டி ராஜா கையில வச்சாங்க. நின்னுக்கிட்டே தின்னார்.

தானா வர்றதுதான் மரியாதை. பசிச்ச பிள்ளையைக் காக்க வச்சுப் பிடுங்குறதுக்கு வேற பேர், அதை ராத்திரியில சொல்ல வேண்டாம்.

தின்னவங்க கை கழுவிட்டாங்க, சிரிச்சவங்க வாய் மூடிட்டாங்க, ராஜா மட்டும் இன்னும் நின்னுக்கிட்டே இருக்கார். நமக்கென்ன, நாம படுப்போம்.