ஏழாம் நம்பர்

சொரிமுத்து அண்ணாச்சி எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் ரசிகர். இருபது வருடமாக ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. ஜெயித்தால் எல்லோருக்கும் லட்டு கொடுப்பார். தோற்றால் திட்டித் தீர்ப்பார். இந்த இரண்டு வருடமாக லட்டுக்கு வேலையே இல்லை.

திட்டில் பாதி கோச் ஜெசிந்தா மேடத்துக்கு, மீதி ஏழாம் நம்பர் பெண்ணுக்கு. "ஏட்டி ஏழு, பஸ்ஸுக்கா நிக்க?" என்று அவர் கத்தினால் கூட்டமே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

அன்று பாதி ஆட்டத்தில் பதினாறு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச்சை மாற்றச் சொல்லி இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பிரின்சிபாலிடம் கொடுப்பதாக ஏற்பாடு. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் முதுகுக்குப் பின்னால் செய்வது அவருக்குப் பிடிக்காது. இடைவேளையில் நேராக ஜெசிந்தாவிடமே போனார்.

"மேடம், கேக்கேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெண்டு வருஷமா இந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?"

ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கோபப்படவில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இப்படி உக்காருங்க அண்ணாச்சி. அடுத்த பத்து நிமிஷம் பந்தைப் பாக்காதீங்க."

"பந்தைப் பாக்காம பின்ன எதைப் பாக்க?"

"ஏழாம் நம்பரை மட்டும் பாருங்க."

லேசான காரியமில்லை. இருபது வருடப் பழக்கத்தில் கண் பந்தின் பின்னாலேயே ஓடியது. கடைசியில் கண்ணுக்குப் பக்கவாட்டில் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார்.

ஏழாம் நம்பர் ஓடிப்போய், எதிரணியின் ஆறடிப் பெண் வரும் வழியில் நின்றாள். அசைந்தால் ஃபவுல். அசையவில்லை. வேகமாக வந்தவள் மோதியதில் ஏழாம் நம்பர் சிமெண்ட் தரையில் விழுந்தாள். அவள் மறித்த நேரத்தில் நம் பெண் ஒருத்திக்குக் கூடை வரை வழி கிடைத்தது. கூட்டம் "ச்சே" என்றது. பந்து கூடையில் விழவில்லை போலிருக்கிறது. அண்ணாச்சி திரும்பவில்லை. அதற்குள் அவள் எழுந்து அடுத்த முனைக்கு ஓடி, இன்னொருத்தியின் வழியில் நின்றாள்.

பதினோரு தடவை. பந்து ஒருமுறைகூட அவள் கைக்கு வரவில்லை. ஸ்கோர் பலகையை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அன்றும் தோற்றோம், பதினெட்டு புள்ளியில்.

"பிரின்சிபால் கிளம்புதாரு அண்ணாச்சி," என்றார் ஜெசிந்தா. "மனு குடுக்கலையா?"

அண்ணாச்சியின் கை பைக்குப் போகவில்லை. குழாயடியில் முழங்கை ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்த ஏழாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை எவ்வளவு நாளா மேடம் இப்படி நிக்கா?"

"ரெண்டு வருஷமா. பஸ்ஸுக்கா நிக்கன்னு கேப்பீங்கள்லா அண்ணாச்சி, அப்பவும் இப்படித்தான் நின்னா."