முட்டி வலித்த கரடியும் குரைத்த கரிச்சானும்

இந்தக் கதையில் வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இப்போதே முடியாது. பூவாத்தா என்ற கரடி முதலில் மலை ஏறியாக வேண்டும்!

பூவாத்தாவுக்கு வருடக்கணக்காக முட்டிவலி. அவள் இருந்தது ஆற்றங்கரைக் குகையில். மழை பிடித்தால் அங்கே வெள்ளம் புகுந்துவிடும். அதற்குள் உச்சிக் குகைக்குப் போயாக வேண்டும். அவளோ நாலடி நடந்தாலே, "ஐயோ, என் முட்டி!" என்று உட்கார்ந்துவிடுவாள்.

"ஐயோ, என் முட்டி!" என்று அதே குரல் மரத்திலிருந்தும் முனகும். அது துடுக்கன். எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் கரிச்சான் குருவி.

"டேய் ரெட்டைவாலா! வலி எனக்கு, விளையாட்டு உனக்கா?"

"பின்னே என்னக்கா? மலைப்பாதைக் கடைக்குப் பின்னால கொட்டுற எண்ணெய் பஜ்ஜியும் ஜிலேபியுமா தின்னா, உடம்பு ஊதுது, முட்டி அழுவுது!"

"வலிக்கிறவளுக்கு வேற என்னடா ஆறுதல்? போங்க வைத்தியரே!"

துடுக்கன் வாயை மூடிக்கொண்டான். மறுநாள்தான் திறந்தான்.

"லொள்! லொள்! வவ்!"

கடைக்குப் பின்னால், புதருக்குள் ஒரு நாய்க்கூட்டமே குரைத்தது. நாய் என்றால் பூவாத்தாவுக்குக் குலைநடுக்கம். வந்த வழியே திரும்பினாள்.

"என்னக்கா, வெறும் வாயோட வர்றீங்க?" ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான் துடுக்கன்.

"கடைக்காரன் நாய் வளர்க்கிறான்டா!"

"அடடா! எத்தனை நாய்?"

"ஏழெட்டு இருக்கும்!"

துடுக்கன் சிரிப்பை அலகுக்குள் அமுக்கிக்கொண்டான். நீயும் பொறு, சிரிக்க இன்னும் நேரம் வரவில்லை.

பசி விடுமா? பூவாத்தா முணுமுணுத்துக்கொண்டே நெல்லிக்காய் பொறுக்கினாள். அத்திப்பழம் தின்றாள். கிழங்கு தோண்டினாள். புற்றை ஊதிக் கறையான் உறிஞ்சினாள். கடைப்பக்கம் எட்டிப் பார்த்த நாளெல்லாம் நாய்கள் தவறாமல் காவல் இருந்தன! மெல்ல மெல்ல உடம்பு லேசானது. விடிந்து எழும்போது முட்டி முன்போல இறுகிக் கிடக்கவில்லை.

மழை கொட்டியது. ஆறு குகை வாசலைத் தொட்டது.

பூவாத்தா ஏறினாள். உட்கார்ந்தாள். மறுபடி ஏறினாள். துடுக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளைக்குக் கிளை கூடவே தாவினான். கீழே வெள்ளம் குகையை விழுங்கியபோது அவள் உச்சிப் பாறையில் நின்றாள்!

"அப்பாடா! வலி இருக்குடா. ஆனா முன்ன மாதிரி கடிக்கல. இந்தச் சந்தோஷத்துக்கு, மழை விட்டதும் கீழ போயி நாலே நாலு பஜ்ஜி..."

துடுக்கன் பதறிவிட்டான். "லொள்! லொள்! லொள்!"

பூவாத்தா துள்ளினாள். முன்னால் பார்த்தாள், பாறை. பின்னால் பார்த்தாள், பாறை. மெதுவாகத் தலையைத் தூக்கினாள். பாறையோர மரக்கிளையில் துடுக்கன், திறந்த அலகை மூட மறந்து!

"ஏன்டா... நாய் எப்போடா மரம் ஏறிச்சு? அடப்பாவி! அந்த ஏழெட்டும் நீதானா!"

சொல்லிவிட்டு அவளே வயிறு குலுங்கச் சிரித்தாள்.

நல்ல சாப்பாடு தீராத வலியை விரட்டிவிடாது. ஆனால் அந்த வலியோடும் மலை ஏறும் தெம்பைக் கொடுக்கும்.