மரங்கொத்தியிடமிருந்து வீட்டைக் காப்பாற்றிய மூவர்

மலையடிவாரத்து ஆனைக்குழி என்ற ஊரில் சங்கிலிமாடன், உச்சிமாகாளி, இசக்கிராசு என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கடவுள் மூவருக்கும் மூளையைத் தாராளமாகவே கொடுத்திருந்தார். அதைப் புழங்கி அழுக்காக்கிவிடக் கூடாது என்பதில் மூவரும் மிகுந்த கவனமாக இருந்தார்கள்.

அவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் மரப்பலகை. ஒரு மரங்கொத்தி தினமும் வந்து பின்சுவரை ‘டொக் டொக்’கென்று கொத்தியதில் ஒரே வாரத்தில் ஏழு ஓட்டை விழுந்தது. மூத்தவன் சங்கிலிமாடனின் மனைவி உலகம்மாள்தான் அந்த வீட்டில் யோசிக்கிற வேலையைத் தனியாளாகப் பார்த்து வந்தவள். தங்கச்சி பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் சொன்னாள்:

“பத்து நாள்ல வருவேன். அப்ப சுவத்துல ஒரு ஓட்டையப் பாத்தாலும் வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போயிருவேன். வனக்காவலரப் போய்ப் பாருங்க. அவரு சொல்றத அப்படியே செய்யுங்க.”

அந்த ‘அப்படியே’வை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வனக்காவலர் தேவசகாயம் நல்ல மனிதர். “பறவைய அடிச்சிராதீங்க, குத்தம். பளபளன்னு எதையாவது கூரையோரம் தொங்க விடுங்க. அது வந்து உக்காந்தா ரெண்டு கையையும் தட்டுங்க, ஓடிரும். அதுக்கும் மசியலன்னா வலை கட்டுங்க. என்ன செய்ய, மரம் இருக்கிற இடத்துக்குத்தானே மரங்கொத்தி வரும்?” என்றார்.

மூவரும் வீட்டுக்கு வந்து ஆலோசனையில் உட்கார்ந்தார்கள்.

“நம்ம வீட்டுல பளபளன்னு என்னலே இருக்கு?” என்றான் மூத்தவன்.

உச்சிமாகாளி அண்ணனின் வழுக்கையை வெகுநேரம் பார்த்தான். “தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்க தலைதான்.”

“அதத் தனியாத் தொங்கவிட முடியாதேலே.”

“முடியாதுதான். நீங்களும் கூட வரணும்.”

நியாயமான பேச்சு என்று மூத்தவனுக்கும் பட்டது. தலைக்கு நல்லெண்ணெய் தடவி, இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றைக் கூரையோர உத்தரத்தின் மேல் போட்டு அவனை மேலே இழுத்தார்கள். தம்பிகள் இருவரும் கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வெயிலில் தலை வெண்கலச் செம்பாக மின்னியது.

மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. தம்பிகள் கடமை தவறாதவர்கள். உடனே ரெண்டு கையையும் தட்டினார்கள்.

கயிறு போனது. அண்ணனும் வந்து சேர்ந்தான். மரங்கொத்தி பறந்தே போனது.

“பாத்தியாலே, ஓடிருச்சு!” என்றான் மூத்தவன், தரையில் கிடந்தபடியே.

அன்று மட்டும் அது இன்னும் மூன்று முறை வந்தது. எத்தனை முறை அண்ணன் இறங்கினான் என்று சொல்லத் தேவையில்லை.

மறுவாரம் பெரியகுளத்திலிருந்து மீன்வலை வந்தது. வீட்டைச் சுற்றி ஓர் இடுக்கு விடாமல் இறுக்கிக் கட்டினார்கள். அப்போது மரங்கொத்தி சுவரில்தான் உட்கார்ந்திருந்தது. வெளியே போக வழியில்லை, உள்ளே செய்யவும் வேறு வேலையில்லை. சாயங்காலத்துக்குள் ஏழு ஓட்டை இருபத்து மூன்றானது.

“நல்ல வலைண்ணே. வெளியேருந்து ஒரு பறவை உள்ள வரலியே!” என்றான் இசக்கிராசு.

“அப்ப உள்ள இருக்கிறது?” என்றான் மூத்தவன்.

“அது வலைக்கு முந்தியே வந்தது. அதுக்கு வலை பொறுப்பாகாது.”

விடிந்ததும் வலையை அவிழ்த்தார்கள். மறுநாள் உலகம்மாள் வருகிறாள். மூத்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அவ போயிட்டா நம்ம கதி என்னலே? நம்ம யோசன ஒண்ணுகூட உருப்படமாட்டேங்குதே!”

உச்சிமாகாளி மெல்லக் கேட்டான்: “மரம் இருக்கிற இடத்துக்குத்தான் மரங்கொத்தி வரும்னு சொன்னாரில்ல? மரத்த எடுத்துட்டா?”

“சுவரே மரந்தானலே!”

“அதத்தாண்ணே சொல்றேன். சுவரே இல்லன்னா, சுவத்துல ஓட்டை எப்படி இருக்கும்?”

இப்படியொரு அறிவு ஆனைக்குழியில் அதுவரை பிறந்ததில்லை. பொழுது சாய்வதற்குள் சுவரை முழுக்கப் பிரித்து, பலகைகளைப் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கினார்கள். சுவரில்லாமல் கூரை எதன் மேல் நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குக் கூரையே கீழே இறங்கிவந்து பதில் சொன்னது. வாசற்கதவும் நிலையும் மட்டும் நிமிர்ந்து நின்றன.

காலையில் உலகம்மாள் வந்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

“வீடு எங்கங்க?”

“அத விடு. ஓட்டை எங்கயாவது தெரியுதா, பாரு!” என்றான் சங்கிலிமாடன் பெருமையாக.

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஒரு ஓட்டைகூட இல்லைதான். பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

“பிரயாணக் களைப்பு,” என்றான் உச்சிமாகாளி.

மழை தூறத் தொடங்கியது. “நனையாதீங்கலே, வீட்டுக்குள்ள போவோம்,” என்று மூத்தவன் கதவைத் தள்ளினான். திறக்கவில்லை.

“யாருலே தாழ்ப்பாள் போட்டது?”

“நான்தாண்ணே. திருடன் வந்துரக் கூடாதேன்னு உள்பக்கமாப் போட்டேன்,” என்றான் இசக்கிராசு.

“நல்ல காரியந்தான். இப்ப எப்படிலே உள்ள போறது?”

மழை வலுத்தது. மூவரும் மாறி மாறிக் கதவைத் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து, கொத்த வேறு பலகை கிடைக்காத மரங்கொத்தி கதவின் அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டு, ‘டொக் டொக்’ என்றது.

மூவரும் திகைத்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவன் கதவிடுக்கில் வாயை வைத்து உரக்கக் கத்தினான்:

“உள்ள மாட்டிக்கிட்டது யாருங்க? பயப்படாதீங்க! ஆசாரியக் கூட்டிட்டு வந்து கதவ உடைச்சு உங்களக் காப்பாத்திருவோம்!”