பனையடித் தெருவின் இருபது தாள்கள்

குரு என்றதும் வெண்தாடியும், சிஷ்யன் என்றதும் மீசை முளைக்காத பையனும் உங்கள் கண்ணுக்குள் வந்துவிட்டால், தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். இந்தக் கதையில் சிஷ்யருக்கு எழுபத்தேழு வயது. குருவுக்கு அடுத்த மாதம்தான் அறுபது பிறக்கிறது.

குருவின் பெயர் செண்பகவல்லி. தேர்தல் வந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெற்குச் சீமைக் கட்சிக்காரர்கள் எல்லாரும் பாளையங்கோட்டையில் இருந்த அந்த அம்மாளிடம்தான் வந்து கேட்பார்கள். கணிப்பும் சொல்வார், ஜெயிக்க வழியும் சொல்வார். ஒரு தடவை பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் தேர்தல் வந்தது. தன் வேட்பாளரிடம், "மைக்கைக் கழத்திப் போட்டுட்டு நடந்தே போங்க, பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வேட்பாளர் பதினோராயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சிஷ்யர் ஆசீர்வாதம். முப்பத்துநாலு வருஷம் வாத்தியார், அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டில் இருப்புக்கொள்ளாமல், தன்னைவிடப் பதினேழு வயது சின்னவரிடம், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. ஊருக்கு வேறு என்ன வேலை?

அந்த அம்மாளின் அறுபதுக்கு ஒரு மலர் போட வேண்டும், அதில் அவர் வாழ்க்கையை ஆசீர்வாதம்தான் எழுத வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் முடிவு செய்தார்கள். ஆசீர்வாதமும் ஆசை ஆசையாக உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதிவிட்டார்.

முதல் நாள் பாடத்தை எழுதினார். "யாருக்கு ஓட்டுன்னு கேட்டுராதிய அண்ணாச்சி. பக்கத்து வீட்ல யாருக்குப் போடுவாகன்னு கேளுங்க. அடுத்தவுக பேரைச் சொல்லித்தான் மனுசன் தன் மனசைச் சொல்லுவான்." அப்புறம் இன்னொன்று: "குடிக்கத் தண்ணி கேளுங்க. செம்போட திரும்பி வரும்போதுதான் பேச்சே ஆரம்பிக்கும்."

எத்தனை ஊர், எத்தனை செம்புத் தண்ணீர். கரிசல் புழுதியில் பத்துப் பேர் ஒரு வேனில் இடித்துப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பிய சாயங்காலங்கள். இனி அதெல்லாம் வரப்போகிறதா? எழுதும்போதே ஆசீர்வாதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. நெட்டூரணி இடைத்தேர்தல்.

இருபத்தோரு தேர்தலைக் கணித்த செண்பகவல்லி தவறியது அது ஒன்றில்தான். வேட்பாளரிடம் "ஜெயிச்சாச்சு" என்று சொல்லியிருந்தார். அவர் இருநூற்றுப் பதினாறு ஓட்டில் தோற்றார். மூன்றாம் நாள் அந்த அம்மாள் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, "தப்பு என்னோடது" என்று சொன்னார். மலரில் எழுத வேண்டியதும் அந்த வாக்கியம்தான். ஆனால் அது பொய் என்று ஆசீர்வாதத்துக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நெட்டூரணியில் கடைசியாகப் பாக்கி இருந்தது பனையடித் தெரு. சித்திரை வெயில், முழங்கால் வலி. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். யார் எந்தப் பக்கம் சாய்வான் என்று எனக்குத் தெரியாதா என்ற மிதப்பு. பஸ் நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து இருபது வீட்டுப் பதில்களுக்கான இருபது தாளையும் தானே நிரப்பிவிட்டார். அதைப் பார்த்துத்தான் செண்பகவல்லி, "பனையடித் தெரு நம்ம பக்கம், கடைசி ரெண்டு நாளை அங்கே வீணாக்க வேண்டாம்" என்று வேட்பாளருக்கு யோசனை சொன்னார். தோற்றதோ இருநூற்றுச் சொச்சத்தில். தெருவிலோ நானூறு ஓட்டு.

அன்றிலிருந்து ஆசீர்வாதம் ஒரு வீட்டையும் விட்டதில்லை. காய்ச்சலோடு போனார். பூட்டிய வீட்டுக்கு நாலு தடவை போனார். "ஆசீர்வாதம் அண்ணாச்சி கொண்டுவந்த தாளை மறுபடி பார்க்க வேண்டாம்" என்பது ஆபீஸில் ஒரு பழமொழியே ஆகிவிட்டது. அந்தப் பேரை வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தையும் தன் கையால் எப்படி எழுதுவது? மறுநாள் காலை பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல வந்திருக்கிய? போன்ல சொன்னா நான் வரமாட்டேனா?"

"போன்ல சொல்ற விஷயமில்ல மேடம்."

கொடுத்த மோரை அவர் தொடவில்லை.

"நெட்டூரணில பனையடித் தெருவுக்கு நான் போகவே இல்ல. இருபது தாளையும் நானே உக்காந்து எழுதினேன்."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"தோத்த மறுநாள். எல்லாத் தாளையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மத்தத் தெருவுல எல்லாம் இருபது பேர்ல நாலஞ்சு பேரு 'தெரியலை', 'இன்னும் யோசிக்கலை'ன்னு சொல்லிருக்காக. உங்க தெருவுல அப்படி ஒருத்தர்கூட இல்ல. கையெழுத்து வேற முத்து முத்தா இருந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டு எழுதினா அப்படி வராது."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளைகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் தானே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மலர்ல உள்ளதை எழுதிரப் போறேன் மேடம். தப்பு ஆசீர்வாதத்தோடதுன்னு. என் பேரு போனாப் போகுது. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

செண்பகவல்லி எழுந்து பீரோவைத் திறந்து, நாடா கட்டிய கட்டு ஒன்றை எடுத்து வந்தார். மேலே அந்த இருபது தாள். அடியில், ஓட்டு எண்ணின அன்று பூத் வாரியாகக் குறித்த கணக்கு.

"பனையடித் தெரு பூத்தை வாசிங்க."

"பூத் கணக்கை நான் இதுவரைக்கும் பார்க்கல மேடம். தைரியம் வரல."

"இப்போ பாருங்க."

ஆசீர்வாதம் விரலை வைத்து வாசித்தார். விழுந்த ஓட்டு நானூற்றுப் பன்னிரண்டு. அவர்கள் வேட்பாளருக்கு இருநூற்று எழுபத்தொன்று. தன் தாள்களை எண்ணினார். இருபதில் பதிமூன்று. வாத்தியார் அல்லவா, மனக்கணக்காகவே போட்டுப் பார்த்துவிட்டார். நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்.

"அப்போ ஓட்டு எங்கே போச்சு?"

"தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போற பொம்பளைக கிட்ட. காலைல பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கேளுங்கன்னு நேரம் குறிச்சது நான். அவுகளை விடியுமுன்னே பஸ் வந்து அள்ளிட்டுப் போயிரும், பொழுது சாஞ்சாத்தான் கொண்டுவந்து விடும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் நாம கேட்டது வீட்ல கிடந்த கிழடு கட்டைக கிட்டதான். நான் பத்திரிகைக்காரங்க கிட்ட சொன்னது நிசம் அண்ணாச்சி. அப்படியே எழுதுங்க."

ஆசீர்வாதத்துக்கு முதலில் நெஞ்சு லேசானது. அப்புறம் கோபம் வந்தது. அந்த அம்மாள் மேல் அவருக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

"பத்தொன்பது வருசம் மேடம். அந்த ஊர் வழியா போற பஸ்ல கூட நான் ஏறினதில்ல. என் கணக்கு சரியாத்தான் இருந்துச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. ஏன் சொல்லல?"

செண்பகவல்லி தாள்களை அடுக்கி நாடாவைக் கட்டினார்.

"சொல்லிருந்தா, அடுத்த தெருவுக்கும் நீங்க போயிருக்க மாட்டிய."